கேட்டலும் ஏற்றலும்: கிடைக்காத ஜெபமும் இறைசித்தமும்

தமிழ்நாட்டின் பல திருச்சபைகளில் ஆராதனையின் நடுவே சாட்சி நேரம் உண்டு. நோய் நீங்கியவரும் வேலை கிடைத்தவரும் நெடுங்காலம் காத்திருந்து பிள்ளை பெற்றவரும் எழுந்து, தேவன் தங்களுக்குச் செய்த நன்மையைச் சபையார்முன் அறிவிப்பார்கள். கேட்டது கிடைக்காதவர் அந்த நேரத்தில் எழுவதில்லை. அவருக்கென்று சபை வைத்திருப்பவை பெரும்பாலும் இரண்டு விளக்கங்கள்தாம். ஒன்று, அவருடைய விசுவாசம் போதவில்லை என்பது. மற்றது, நடந்ததெல்லாம் கர்த்தருடைய சித்தம், ஆகவே இனிக் கேட்பதே முறையன்று என்பது.

எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே அனுமானம்: விடாமல் கேட்பதும் இறைசித்தத்தை நம்புவதும் ஒன்றையொன்று விலக்குபவை. முதல் விளக்கம் கேட்பதை வைத்துக்கொண்டு ஏற்பதைத் தோல்வியாக்குகிறது. இரண்டாவது, ஏற்பதை வைத்துக்கொண்டு கேட்பதைக் குற்றமாக்குகிறது. வேதாகமச் சான்றும் ஏழாம் நூற்றாண்டின் கிறிஸ்தியல் விவாதமும் இந்த அனுமானத்துக்கு இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். கிறிஸ்தவ மரபில் சித்தத்தை ஏற்பது கேட்பதற்கு மாற்றன்று. கேட்பவர் மட்டுமே செய்யக்கூடிய செயல் அது.

1. விசுவாசக் குறைவு என்னும் விளக்கம்

இவ்விளக்கம் வெறும் கற்பனையிலிருந்து பிறந்ததன்று. விசுவாசத்தோடு கேட்பது கிடைக்கும் என்னும் வாக்கு மாற்கு 11:24இல் இருக்கிறது. விசுவாசமுள்ள ஜெபம் நோயாளியை இரட்சிக்கும் என்று யாக்கோபு 5:15 கூறுகிறது. இவற்றைத் தள்ளிவிட்டு எந்த இறையியலும் எழ முடியாது. ஆனால் இவ்வசனங்களைச் சூத்திரமாக்கி, கிடைக்காத இடத்திலெல்லாம் விசுவாசம் இல்லை என்று பின்னோக்கிக் கணக்கிடுவதை அதே வேதாகமம் மறுக்கிறது.

யோர்தானைக் கடந்து நல்ல தேசத்தைக் காண வேண்டும் என்று மோசே மன்றாடினார். அந்தக் காரியத்தைக் குறித்து இனிப் பேச வேண்டாம் என்ற பதிலே வந்தது (உபாகமம் 3). தாவீது தன் குழந்தைக்காக உபவாசித்துத் தரையில் கிடந்தார்; ஏழாம் நாளில் குழந்தை இறந்தது (2 சாமுவேல் 12). இவ்விரண்டிலும் அவரவர் குற்றம் கதைக்குள்ளேயே காரணமாகச் சொல்லப்படுகிறது என்று ஒருவர் வாதிடலாம். பவுலின் நிலை அப்படியன்று. அவர் உடலில் பட்ட துணிகள் பிறர் நோயைத் தீர்த்ததாக அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அவரோ தம் மாம்சத்தில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12). கண்நோயா, விட்டுவிட்டு வரும் காய்ச்சலா, எதிராளிகளின் தொல்லையா என்று உரையாசிரியர்கள் பலவிதமாக ஊகித்திருக்கிறார்கள். பவுல் அதைப் பெயரிடவில்லை. துரோப்பீமுவை வியாதியாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாக 2 தீமோத்தேயு 4:20 எந்தச் சங்கடமுமின்றிக் குறிப்பிடுகிறது.

யாக்கோபு நிருபத்தின் எடுத்துக்காட்டே இன்னும் கூர்மையானது. வல்லமையுள்ள ஜெபத்துக்கு மாதிரியாக அது எலியாவை நிறுத்துகிறது: அவர் ஜெபித்தபோது மழை நின்றது, மறுபடி ஜெபித்தபோது பெய்தது. அதே எலியா, சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்டார் (1 இராஜாக்கள் 19). அது கொடுக்கப்படவில்லை, மரணத்தைக் கேட்டவர் மரணம் காணாமலே எடுத்துக்கொள்ளப்பட்டதாக மரபு கூறுகிறது. கேட்கப்பட்ட ஜெபத்துக்குச் சான்றாளராக யாக்கோபு அழைத்துவரும் மனிதரே மறுக்கப்பட்ட ஜெபத்துக்கும் சான்றாளர்.

இந்த வரிசையின் உச்சத்தில் நிற்பவர் இயேசு. கிடைக்காமை விசுவாசக் குறைவின் அடையாளம் என்றால், பாடுகளின் பாத்திரம் நீங்கும்படி கெத்செமனேயில் வேண்டியும் அது நீங்காத அவருடைய விசுவாசமே குறைந்திருந்தது என்று சொல்ல நேரும். அந்த முடிவை எந்தச் சபையும் ஏற்காது. ஆகவே அதற்கு இட்டுச்செல்லும் முன்கூற்றையும் கைவிட்டாக வேண்டும்.

2. கெத்செமனேயும் இரு சித்தங்களும்

கெத்செமனே ஜெபத்தில் இரண்டு பகுதிகள் உண்டு: பாத்திரம் நீங்க வேண்டும் என்ற வேண்டுதலும், பிதாவின் சித்தத்துக்கு ஒப்படைத்தலும். மாற்கு 14இன்படி இயேசு இதை ஒருமுறை சொல்லி நிறுத்தவில்லை. திரும்பிப்போய் அதே வார்த்தைகளால் மறுபடியும் ஜெபித்தார். முதல் முறையிலேயே தம்மை ஒப்படைத்துவிட்டவர் மீண்டும் ஏன் கேட்க வேண்டும்?

இந்த ஜெபம் ஏழாம் நூற்றாண்டில் பேரரசையே உலுக்கிய விவாதத்தின் நடுவில் இருந்தது. கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான் என்ற கொள்கையைக் கான்ஸ்டான்டினோப்பிளின் ஆட்சியாளர்களும் மறைத்தலைவர்களும் ஆதரித்தனர். 648இல் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் பேரரசர் இதுபற்றிய வாதத்தையே தடைசெய்து ஆணையிட்டார். ஒரே சித்தம் என்போர்க்கு, பாத்திரம் நீங்கட்டும் என்ற வேண்டுதல் பெரும் இடைஞ்சலாக இருந்தது. கிறிஸ்துவுக்குள் மனித சித்தம் ஒன்று இருந்து, அது மரணத்திலிருந்து பின்வாங்கியது என்றால் அது தேவனுக்கு எதிர்ப்பாகிவிடுமே என்று அவர்கள் அஞ்சினர்.

துறவி மாக்சிமஸ் இதற்குத் தந்த பதில், இறையியல் வரலாற்றின் மிக நுட்பமான வாசிப்புகளில் ஒன்று. வேண்டுதலை மனித சித்தத்துக்கும் ஒப்படைத்தலைத் தெய்வ சித்தத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பதை அவர் மறுத்தார். ஒப்படைத்ததும் அதே மனித சித்தம்தான் என்றார். மரணத்தைக் கண்டு ஒடுங்குவது படைக்கப்பட்ட இயல்பு. உயிரைப் பேணும் அந்த நாட்டத்தைத் தந்தவர் படைத்தவரே. ஆகையால் அது பாவமாகாது. பேரரசின் நிலைப்பாட்டை ஏற்க மறுத்த அவருடைய நாவும் வலக்கையும் 662இல் துண்டிக்கப்பட்டன. அதே ஆண்டு நாடுகடத்தலில் இறந்தார். 680–681இல் கூடிய மூன்றாம் கான்ஸ்டான்டினோப்பிள் பொதுச்சங்கம் கிறிஸ்துவுக்கு இரண்டு இயற்கைச் சித்தங்கள் உண்டு என்றும், மனித சித்தம் தெய்வ சித்தத்தை எதிர்க்காமல் அதற்கு இசைகிறது என்றும் தீர்மானித்தது.

சாதாரண விசுவாசியின் ஜெபத்துக்கும் இத்தீர்மானத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. பிழைக்க வேண்டும், பிள்ளை பிழைக்க வேண்டும், வலி நீங்க வேண்டும் என்ற விருப்பத்தைக் கிறிஸ்துவே தம்முடையதாகக் கொண்டார் என்றால், அவ்விருப்பத்தைத் தேவன்முன் வைப்பது அவநம்பிக்கையாகாது. விருப்பமே இல்லாதவர் ஒப்படைக்க என்ன இருக்கிறது? இசைவு என்பது விருப்பத்தின் அழிவன்று. விருப்பமுள்ள ஒருவரின் செயல். இயேசு மீண்டும் கேட்டதற்கான காரணம் இங்கேதான் தெளிவாகிறது: ஒப்படைத்தல் ஒரே நொடியில் முடிந்துவிடும் முடிவன்று, விருப்பம் எழும்போதெல்லாம் அதைப் பிதாவிடம் கொண்டுபோய் வைக்கும் தொடர்செயல்.

3. நடப்பதெல்லாம் சித்தமா?

இரண்டாம் விளக்கத்தின் பிழை, நடப்பது அனைத்தையும் தேவசித்தத்தோடு சமன்படுத்துவது. கர்த்தர் கற்பித்த ஜெபமே இதற்கு இடம் கொடுக்கவில்லை. தேவசித்தம் பரலோகத்தில் நிறைவேறுவதுபோலப் பூமியிலும் நிறைவேற வேண்டும் என்று அதில் வேண்டுகிறோம். பூமியில் நடப்பதெல்லாம் ஏற்கெனவே அச்சித்தம்தான் என்றால் அந்த வேண்டுதல் பொருளற்றது. சித்தம் நிறைவேறாத இடங்கள் உலகில் உண்டு என்பதையும், அங்கே அது வர வேண்டும் என்று கேட்பது சீஷரின் கடமை என்பதையும் அந்த ஒற்றை வேண்டுதல் ஒப்புக்கொள்கிறது.

இறைவனின் ஆளுகைக்கு அழுத்தம் தந்த இறையியலாளர்களும் ஜெபத்தைக் கைவிடவில்லை. தேவனின் ஏற்பாட்டை மாற்றுவதற்காக ஜெபிப்பதில்லை, ஜெபத்தின்வழியே தருவதென்று அவர் ஏற்பாடு செய்ததைப் பெறுவதற்காகவே ஜெபிக்கிறோம் என்றார் தாமஸ் அக்வினாஸ். சுமார் 412இல் புரோபா என்னும் விதவைக்கு எழுதிய கடிதத்தில் அகஸ்தீன், எதை வேண்டுவதென்று நமக்குத் தெரியாத நிலையை எடுத்துப் பேசும்போது பவுலின் முள்ளையும் கெத்செமனேயையும் சான்றாகக் காட்டுகிறார். ஆனால் கேட்காதே என்று அவர் அறிவுறுத்தவில்லை. கடிதம் முழுவதும் இடைவிடாமல் கேட்பதைப் பற்றியதே.

லூக்கா 18இல் வரும் விதவை தனக்கு நடந்த அநியாயத்தைச் சித்தமென்று ஏற்காமல் நீதிபதியை விடாமல் தொந்தரவு செய்கிறாள். இயேசு அவளைச் சோர்ந்துபோகாத ஜெபத்துக்கு மாதிரியாக்குகிறார். மனிதர் செய்யும் அநீதியால் வரும் துன்பத்தில் சித்தம் என்ற பேச்சை அவசரமாக எடுப்பது, அநீதி செய்தவருக்குத் தேவனைச் சாட்சியாக்கும் வேலை.

4. டோனாவூர்: ஒரு வரலாற்றுச் சான்று

இந்த வாதம் வாழ்க்கையில் எப்படி நிற்கும் என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையிலேயே சான்று உண்டு. அயர்லாந்தில் பிறந்து 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தை வளர்த்தார். அவருக்கு வலக்கையாக இருந்தவர் பொன்னம்மாள் என்ற இளம் விதவை. நெய்யூரில் பச்சிளங்குழந்தைகளின் காப்பகத்தைப் பொறுப்பேற்று நடத்தியவர். அவருக்குப் புற்றுநோய் வந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. யாக்கோபு நிருபம் சொல்லும் முறையில் ஜெபமும் நடந்தது. நோய் தணியாமல் 1915இல் பொன்னம்மாள் இறந்தார். கார்மைக்கேல் அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதினார். சாட்சி நேரத்தில் இடம் கிடைத்திராத ஒரு வாழ்க்கை அந்நூலால் சாட்சியாயிற்று.

1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கார்மைக்கேலே படுக்கையில் ஆனார். குணமாக வேண்டும் என்ற ஜெபத்துக்குக் குறைவில்லை. ஆனால் 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன. அக்காலத்தில் அவர் எழுதிய நூல்களுள் ஒன்று, நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. நலமாயிருப்போர் நோயாளிக்கு எழுதும் ஆறுதல் நூல்கள் தமக்கு எட்டவில்லை என்பதே அதை எழுதத் தூண்டிய காரணம். மறத்தல், ஓயாத வேலை, விலகியிருத்தல், தோற்றுப் பணிதல் ஆகிய வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளிவிட்டு, ஏற்பதில் மட்டுமே சமாதானம் கண்ட ஒருவரைப் பற்றிய கவிதையும் அவருடையது. பணிதலையும் ஏற்பதையும் அவர் பிரித்துக் காட்டியது கவனத்துக்குரியது. பணிதல் தோற்றவர் செய்வது. ஏற்பது, விருப்பத்தோடு நிற்பவர் கொடுப்பது. மாக்சிமஸ் கோட்பாடாக நிறுவியதை கார்மைக்கேல் அனுபவத்தின் வழியாக எட்டியிருக்கிறார்.

5. ஒரு மறுப்பு

கிடைத்தால் தேவன் தந்தார், கிடைக்காவிட்டால் அவர் சித்தம் என்றால், எந்த நிகழ்வும் இந்நம்பிக்கையைப் பொய்யாக்க முடியாதே என்று மெய்யியலாளர் ஆன்டனி ஃப்ளூ 1950இல் கேட்டார். தொண்டைப் புற்றால் சாகும் குழந்தையே அவர் தந்த எடுத்துக்காட்டு. அனுபவ ஆய்வும் இந்தப் பக்கமே சாய்வதுபோலத் தோன்றலாம். இதய அறுவைச் சிகிச்சை பெற்ற 1,802 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வில், தமக்காக ஜெபம் நடக்கிறதா என்று அறியாதோருள் ஜெபம் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. ஜெபம் நடப்பதை உறுதியாக அறிந்தவர்களில் அது 59 விழுக்காடு.

இவ்வாய்வு பொய்யாக்குவது ஜெபத்தைக் கருவியாகக் கருதும் கொள்கையை. அந்தக் கொள்கையை கெத்செமனே முன்னரே பொய்யாக்கிவிட்டது. ஃப்ளூவின் கேள்வி இதைவிட ஆழமானது. கிறிஸ்தவ நம்பிக்கை ஒவ்வொரு ஜெபத்தின் விளைவிலிருந்தும் பெறப்படும் முடிவு என்றால் அவர் சொல்வதே சரி. ஆனால் கெத்செமனேயில் பிதாவே என்ற அழைப்பு விளைவுக்கு முன்னால் வருகிறது. மரணத்திலிருந்து காக்க வல்லவரிடம் கண்ணீரோடு ஜெபித்து இயேசு கேட்கப்பட்டார் என்கிறது எபிரெயர் 5:7. அவரோ மறுநாள் மரித்தார். இந்த முரண் பொறுக்காமல் இறையியலாளர் அடோல்ஃப் ஹார்னாக், மூலத்தில் ‘கேட்கப்படவில்லை’ என்றிருந்து எதிர்மறைச் சொல் விழுந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். எந்தக் கையெழுத்துப் படியும் அதற்குத் துணை நிற்கவில்லை. அந்நிருபம் காணும் பதில் உயிர்த்தெழுதல்: மரணத்தைத் தவிர்ப்பதாக அல்ல, மரணத்தினூடே வந்த பதில். கிறிஸ்து எழுந்திராவிட்டால் விசுவாசம் வீண் என்று பவுலும் ஒப்புக்கொள்கிறார் (1 கொரிந்தியர் 15). ஆக, இந்நம்பிக்கை தான் பொய்யாகக்கூடிய இடத்தை மறைக்கவில்லை. நோயாளியின் படுக்கையில் அதை வைக்காமல் வெறுமையான கல்லறையில் வைக்கிறது. அதை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். ஆனால் பொய்யாக்க முடியாதது என்ற குற்றச்சாட்டு இங்கே நிற்காது.

6. முடிவு

மேற்கண்டவற்றிலிருந்து மேய்ப்புப் பணிக்கு மூன்று தீர்ப்புகள் பிறக்கின்றன. முதலாவது, கிடைக்காத ஜெபத்தை வைத்து ஒருவரின் விசுவாசத்தை அளக்கும் உரிமை எவருக்கும் இல்லை. அப்படி அளப்பவர் நோயாளியின் துன்பத்தோடு குற்ற உணர்வையும் சேர்த்துக் கட்டுகிறார். மருந்தை நிறுத்தும்படி தூண்டினால் உயிருக்கே உலைவைக்கிறார். இரண்டாவது, கெத்செமனேயின் ஒப்படைப்பு தன்மையில் சொல்லப்பட்டது. இயேசுவிடம் யாரும் அதைச் சொல்லச் சொல்லவில்லை. சித்தத்தை ஏற்றுக்கொள் என்று துன்பப்படுபவருக்கு முன்னிலையில் கட்டளையிடுவோர் யோபுவின் நண்பர்களின் வரிசையில் சேர்கிறார்கள். அவர்கள் சரியாகப் பேசவில்லை என்பதே அந்நூலின் முடிவு. மூன்றாவது, இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதத்தை வேதாகமம் நீக்காமல் வைத்திருக்கிறது. அதற்குச் சபையின் ஆராதனையிலும் இடம் வேண்டும். சாட்சி நேரத்தில், கேட்டுக் கிடைக்காமல் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பவரும் எழுந்து பேசலாம் என்ற நிலையைப் போதகர்களும் மூப்பர்களும் உருவாக்க வேண்டும்.