களவுபோன பொருள் வழக்கில் மேல்முறையீடு: ஓசூர், கிருஷ்ணகிரி

சிறு தொகை வழக்குகளுக்குச் சென்னையில் தனியாகச் சிறுவழக்கு நீதிமன்றம் உண்டு. ஓசூரில் இவை மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்துக்கு, அதாவது முன்சீப் கோர்ட்டுக்குப் போகின்றன.

வழக்கு பெரும்பாலும் ஒரு வாடகை அறையில் தொடங்கும். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், கதவில் வேறு பூட்டு தொங்குவதைப் பார்க்கிறார். உள்ளே இருந்த டிரங்குப் பெட்டியும் கேஸ் அடுப்பும் காணோம். வாடகை பாக்கிக்காக எடுத்துவைத்தேன் என்பார் வீட்டுக்காரர். திருட்டு என்பார் குடியிருந்தவர். காவல் நிலையம் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதும் பொருள் வாங்கிய பில்லுமே கையில் இருக்கும் சான்றுகள்.

தோற்றவர் முதலில் பார்க்க வேண்டியது பிராதின் வாசகத்தை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 96(4)இன்படி, சிறுவழக்கு நீதிமன்றம் விசாரிக்கத்தக்க வகையைச் சேர்ந்த வழக்கின் மதிப்பு 10,000 ரூபாய்க்குள் இருந்தால் சட்டப் பிரச்சினை பற்றி மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். ஆனால் 1887ஆம் ஆண்டு மாகாணச் சிறுவழக்கு நீதிமன்றங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, 35ஆம் இனத்தில், திருட்டு போன்ற சொத்துக் குற்றமாகும் செயலுக்கு இழப்பீடு கேட்கும் வழக்கை அந்த வகையிலிருந்து விலக்கிவைக்கிறது. ஆகவே திருட்டென்று சொல்லி இழப்பீடு கேட்டிருந்தால், சாட்சியத்தை நீதிபதி எடைபோட்ட விதத்தையும் எதிர்த்து வாதிடலாம். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். தொகை சிறிது என்பதாலேயே அப்பீல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது.

மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள். சான்றிட்ட நகல் பெறுவதற்கு ஆகும் நாட்கள் அதில் சேராது. அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பு நிறைவேற்றம் நின்றுவிடாது. தடையாணை தனியே கேட்க வேண்டும். விசாரணையில் காட்டாத பில்லை அப்பீலில் காட்ட, உரிய முயற்சி செய்தும் அப்போது கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். ஊரில் மறந்து வைத்துவிட்டேன் என்பது போதாது. 25,000 ரூபாய்க்கு மேற்படாத பண வழக்கில் இரண்டாம் மேல்முறையீடு கிடையாது.

எல்லைப்பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பொருள் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் எடுக்கப்பட்டு, எடுத்தவர் ஓசூரில் குடியிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி வாதி அங்குள்ள ஆனேக்கல் நீதிமன்றத்தையோ ஓசூரையோ தேர்ந்துகொள்ளலாம். அப்பீலும் அந்தந்த மாநிலத்து மேல் நீதிமன்றத்துக்கே போகும். ஒருபக்கம் கன்னடம், மறுபக்கம் தமிழ். எந்த மொழியில் சாட்சி சொல்ல முடியும் என்பதை வழக்குப் போடும் முன்பே யோசிப்பது நல்லது.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்த வழக்குக்கு மேல்முறையீடே இல்லை. வக்கீல் செலவுக்குப் பயந்து கெடுவைத் தவறவிட வேண்டாம்: சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, 12ஆம் பிரிவின்படி ஆலைத் தொழிலாளி என்பதே இலவச சட்ட உதவிக்கு உரிய தகுதி. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுவைப் போட்டுவிட்டு, வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள்.