சூட்கேசில் பிழைத்த சிற்பங்கள்

1934இல் லண்டனில் ஒரு கலைக்கூடம் உருவானது. வரைபடம் போட்டவர் கட்டடக் கலைஞர் மார்ஷல் சிசன். ஹென்றி மூர் சிற்பம் தந்தார். வனெசா பெல்லும் டங்கன் கிரான்டும் ஓவியம் தந்தார்கள். பொம்மை வீட்டளவே ஆன அந்தக் கூடத்தைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்காகக் கலை வணிகர் சிட்னி பர்னி அதைச் செய்வித்தார்.

உள்ளங்கைக்குள் அடங்கும் சிற்பத்துக்குத் தனிக் கூடம் எதற்கு? எழுதும் மேசையில் வைத்தால் அது காகிதம் பறக்காமலிருக்க வைத்த கல்லாகிவிடும். அதன் அளவுக்கேற்ற பீடத்தில், அதற்கென்றே எழுந்த சுவர்களின் நடுவே, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துப் பாருங்கள். தோளின் வளைவு மலைச்சரிவாகும். கண் தானும் சிறிதாகி, வாசல் வழியே உள்ளே நடக்கத் தொடங்கும். மூரின் மாபெரும் உருவங்கள் பலவும் கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்கும் சிறு மாதிரிகளாகத்தான் பிறந்தன.

பிறகு அந்தக் கூடம் தொலைந்துபோனது. பல பத்தாண்டுகள் கழித்துப் படைப்புகள் ஒரு சூட்கேசிலிருந்து வெளிப்பட்டன. அவை போய்ச் சேர்ந்த இடம், இங்கிலாந்தின் சிசெஸ்டர் நகரிலுள்ள பாலன்ட் ஹவுஸ் கலைக்கூடம். அங்கே 2000இல் இன்னொரு குறுங்கூடம் உருவானது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல் ரைட் அன்ட் ரைட் கட்டடக் கலைஞர்கள் மூன்றாவதை வடிவமைத்தார்கள். டேமியன் ஹர்ஸ்ட், லுபைனா ஹிமிட் போன்றவர்கள் அதற்கென்றே சின்னஞ்சிறு படைப்புகள் செய்து கொடுத்தார்கள்.

இந்தக் கதை இலங்கையின் மட்டக்களப்புக் கரையிலுள்ள களுதாவளையில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்கும். யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் அந்தக் கரை கற்ற பாடம் இது: ஓடும்போது வீட்டைத் தூக்க முடியாது, பைக்குள் அடங்கியதுதான் மிஞ்சும்.

களுதாவளையின் வெற்றிலைத் தோட்டங்களுக்கு நடுவே கல்லால் ஒரு கலைக்கூடம் எழும்பக் காலமெடுக்கலாம். குறுங்கூடத்துக்கு ஊர்த் தச்சர் ஒருவரின் சில நாள் உழைப்பும் ஒரு கண்ணாடித் தட்டும் போதும். கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. சிற்பம் பழகும் கைகளுக்குக் குறைவில்லை. அங்குள்ள மாணவர்கள் வாவிக்கரைக் களிமண்ணில் விரலளவு உருவங்கள் செய்து தரட்டும். ஊர் நூலகத்திலோ பாடசாலையிலோ, பிள்ளைகளின் கண்மட்டத்தில் அந்தக் கூடத்தை வையுங்கள். அவர்கள் குனியாமலே பார்க்கட்டும்.