வட்டில் தங்காத பற்று: மதுரை ரசிகரும் மறுவெளியீடும்

ஹாலிவுட் தொடர்படங்களின் ரசிகர் ஒரே படத்தைப் பலமுறை விலை கொடுத்து வாங்குகிறார். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்கள் வீடியோ கேசட், டிவிடி, ப்ளூ-ரே என வடிவம் மாறும்போதெல்லாம் புதிதாக விற்றன. பற்றில் தமிழ் ரசிகர் யாருக்கும் குறைந்தவரல்லர். ஆயினும் அவருடைய பற்று வீட்டு அலமாரிக்குப் போகாமல் திரையரங்குக்கே திரும்பத் திரும்பப் போயிருக்கிறது. அதன் காரணத்தையும், அதனால் படங்களுக்கு நேர்ந்ததையும் மதுரை வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மதுரையில் ரசிகர் கொடுத்த காசு கட்டடமாகவே எழுந்து நின்றது. 1937இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘சிந்தாமணி’ ஈட்டிய லாபத்தில் மதுரை ராயல் டாக்கீஸார் அதே பெயரில் ஒரு திரையரங்கம் கட்டினர். 1952இல் தங்கம் தியேட்டர் ‘பராசக்தி’யோடு திறக்கப்பட்டது. 1980களின் நடுவில் மதுரையில் தங்கிக் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் சாரா டிக்கி, உழைக்கும் மக்களின் வாழ்வில் ரசிகர் மன்றம் பெற்றிருந்த இடத்தை 1993இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக எழுதினார். மன்றத்தாருக்குப் படம் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கன்று. கொடி கட்டுவது, முதல் காட்சிக்கு நிற்பது, நற்பணி செய்வது எல்லாம் நாலு பேர் அறிய நடக்க வேண்டியவை. நம் ரசிகருக்குத் தொடர் என்பது கதையன்று, நடிகரே. எம்.ஜி.ஆரின் அடுத்த படம் முந்தைய படத்தின் தொடர்ச்சியாகவே அவருக்குப் பட்டது.

டிக்கி மதுரையில் இருந்த அதே ஆண்டுகளில்தான் வீடியோவும் பரவியது. பசுமலை போன்ற நகர விளிம்புப் பகுதிகளில் பெரும்பாலோர் கேசட்டை விலைக்கு வாங்கவில்லை. டெக்கும் டிவியும் ஓர் இரவுக்கு வாடகைக்கு வரும். தெருவே கூடி விடியவிடிய இரண்டு மூன்று படம் பார்க்கும். வீட்டு வீடியோ இங்கே நுழைந்தபோதே கூட்டத்தோடுதான் நுழைந்தது. 1993இல் சன் தொலைக்காட்சி வந்தபின் பழைய படங்கள் தனிக் காசு கொடுக்காமலே வீட்டுக் கூடத்துக்கு வந்தன. சொந்தமாக வாங்கிச் சேர்க்கும் பழக்கம் வேரூன்ற இடைவெளியே கிடைக்கவில்லை.

திருட்டு விசிடிதான் வீட்டு வட்டுச் சந்தையைக் கொன்றது என்பது வழக்கமான விளக்கம். அது பாதி உண்மை. 2004இல் தமிழக அரசு வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று, விலையில் திருட்டுப் பிரதியை நெருங்கியது. வட்டு விற்றது. ஆனால் அதே படத்தை மேம்பட்ட பதிப்பில் இரண்டாம் முறை வாங்கும் ரசிகர் கூட்டம் உருவாகவில்லை. விலை மட்டுமே தடையாக இருந்திருந்தால் அது உருவாகியிருக்க வேண்டும்.

இதற்கு வலுவான சான்று மேலூர்ப் பக்கத்துக்காரரான இயக்குநர் சேரன். 2015இல் ‘சி2எச்’ திட்டத்தைத் தொடங்கி, தம் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’யை நேரடியாக டிவிடியில் வீடுகளுக்கு அனுப்பினார். துணிவான முயற்சி, நிலைக்கவில்லை. அவருடைய 2004ஆம் ஆண்டுப் படமான ‘ஆட்டோகிராஃப்’ 2025இல் திரையரங்குக்கே திரும்பி வந்தது.

மறுவெளியீட்டுக்கு இன்றைய வடிவத்தைத் தந்தது ‘கர்ணன்’. 1964ஆம் ஆண்டுப் படத்தைத் திவ்யா பிலிம்ஸ் டிஜிட்டலில் சீர்செய்து 2012 மார்ச்சில் வெளியிட்டது. 2014இல் எம்.ஜி.ஆரின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது. மதுரையையும் கதைக்களமாகக் கொண்ட ‘கில்லி’ 2024 ஏப்ரலில் வந்தபோது, தொலைக்காட்சியில் எண்ணற்ற முறை பார்த்தவர்களே அரங்கை நிறைத்தனர். மனப்பாடமான வசனத்தை நூறு குரல்களோடு சேர்ந்து சொல்லும் அனுபவத்துக்கே அவர்கள் காசு கொடுத்தார்கள். அதை எந்த வட்டும் தராது.

ஆனால் இந்தப் பற்றுக்கு ஈடாகப் படத்துக்குக் கிடைப்பது மிகக் குறைவு. 2022இல் ‘பாபா’வும் 2023இல் ‘ஆளவந்தா’னும் வெட்டிக் குறைக்கப்பட்ட வடிவில் திரும்பின. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களை 1997இல் ஜார்ஜ் லூகாஸ் மாற்றியபோது ரசிகர்கள் எதிர்த்தார்கள். பழைய வடிவம் 2006இல் டிவிடியில் துணை வட்டாகவேனும் வந்தது. அங்கே வட்டு ஓர் ஆவணமாகப் பயன்பட்டது. இங்கே அத்தகைய பதிப்பு மரபு இல்லாததால், திருத்திய வடிவமே நாளை ஒரே வடிவமாகிவிடக்கூடும். முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று நம்மிடம் இல்லை. அந்த இழப்பை அறிந்த பிறகும் நெகட்டிவைக் காப்பதைத் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விட்டுவைப்பது பெரும் பிழை.

பிளக்ஸ் கட்டவும் நெரிசலில் டிக்கெட் எடுக்கவும் தெரிந்த மன்றங்களுக்கு இதைக் கேட்கும் வலிமையும் உண்டு. மறுவெளியீட்டு வசூலில் ஒரு பங்கு நெகட்டிவின் பாதுகாப்புக்கும், வெட்டப்படாத முழுப் பதிப்பு ஒன்றை வெளியிடுவதற்கும் ஒதுக்கப்பட வேண்டும். அடுத்த மறுவெளியீட்டு அறிவிப்பு வரும் நாளிலேயே மதுரை மன்றங்கள் இக்கோரிக்கையை எழுப்பட்டும்.