மலைக்கு அழைத்தல்: கொல்லிமலையும் அழைப்பிதழின் வரலாறும்

அழைப்பிதழ் என்றதும் மஞ்சள் தடவிய திருமணப் பத்திரிகைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். கடைத் திறப்பு, விளைபொருள் கண்காட்சி, வணிகர் கூட்டம் போன்ற தொழில் நிகழ்வுகளுக்கும் அழைப்பிதழ் தேவைப்படுகிறது. திருமணத்துக்கு உறவே ஆட்களை வரவழைத்துவிடும். தொழில் நிகழ்வுக்கு வருபவரோ தமது ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார். அவரை வரச் செய்ய வேண்டியது அழைப்பில் உள்ள செய்தியே.

அழைப்பவர் இருக்கும் இடம் மலையாக இருந்தால் இது இன்னும் கடினம். நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலை, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம் கொண்டது. அடிவாரமான காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மேலே செல்ல வேண்டும். மிளகு, காபி, பலா, வாழை, அன்னாசி, சாமை, தினை ஆகியவை இங்கு விளைகின்றன. வாங்குவோர் பலர் மேலே வந்தால் விலை கூடும். ஒருவர் மட்டும் வந்தால் அவர் சொன்னதே விலை. எனவே மலை உழவருக்கு அழைப்பு என்பது வெறும் மரியாதை அன்று, வருமானத்தைப் பொறுத்தது.

ஆற்றுப்படை: வழி சொல்லும் அழைப்பு

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவனைப் புலவர் வன்பரணர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை ஏழு வள்ளல்களையும் குறிப்பிடும்போது ஓரியையும் சொல்கிறது.

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே ஒருவிதத்தில் அழைப்புதான். ஒரு வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையில் வாடும் மற்றொரு கலைஞரை வழியில் சந்தித்து, அந்த வள்ளலிடம் செல்லும்படி கூறுவதே அதன் அமைப்பு. அழைப்பவர் வள்ளல் அல்லர். அவரிடம் சென்று பயன் பெற்றவர். அதனால்தான் கேட்பவருக்கு நம்பிக்கை பிறக்கிறது.

மலைப்பகுதிக்கு அழைப்பது எப்படி என்பதற்குச் சிறந்த சான்று மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடிய இந்நூல் 583 அடிகள் கொண்டது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் கூத்தரை இது ஆற்றுப்படுத்துகிறது. நன்னனின் கொடையைப் புகழ்வதோடு இந்நூல் நின்றுவிடவில்லை. பன்றிக்காக வைத்த பொறிகள், பாம்புகள் வாழும் இடங்கள், தினைப்புனக் காவலர் எறியும் கவண் கற்கள், வழுக்கும் பாதைகள் என எல்லாவற்றையும் முன்கூட்டியே எச்சரிக்கிறது. வழியில் எங்கே தங்கலாம், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் கூறுகிறது. இடர்களை மறைக்காததால் அந்த அழைப்பின் நம்பகத்தன்மை கூடுகிறது.

முரசும் தண்டோராவும்

ஊர் முழுவதையும் அழைக்க முரசு பயன்பட்டது. சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் முதல் காதை 'விழாவறை காதை' ஆகும். வணிக நகரமான காவிரிப்பூம்பட்டினத்தில் 28 நாள் நடைபெறும் இந்திர விழா, யானையின் பிடரியில் முரசை ஏற்றி அங்கே அறிவிக்கப்படுகிறது. நகரை வாழ்த்திய பிறகு, தெருவில் புதுமணல் பரப்புங்கள், வாழையும் கரும்பும் நடுங்கள், பகைவரிடமும் சினம் கொள்ளாது விலகிச் செல்லுங்கள் என மக்கள் செய்ய வேண்டியவை ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. விழா எத்தனை நாள், அதில் தம் பங்கு என்ன என்பது கேட்பவருக்குத் தெளிவாகிவிடுகிறது.

இதன் எளிய வடிவமாகச் சிற்றூர்களில் தண்டோரா நெடுங்காலம் நீடித்தது. பறையடித்து அறிவிப்பவர்களின் மாண்பைக் கருதி 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அம்முறையைத் தடை செய்தது. ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்களில் அறிவிக்கலாம் என்று தெரிவிக்கப்பட்டது. அழைக்கும் முறை யாரையும் தாழ்த்தக் கூடாது என்பதை இந்த முடிவு உணர்த்தியது.

வெற்றிலை பாக்கும் அச்சும்

நேரில் சென்று வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது தமிழரின் பழைய வழக்கம். "வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா?" என்று கேலியாகக் கேட்பதிலிருந்தே அதன் மதிப்பு விளங்கும். அச்சு பரவிய பிறகு அட்டை வந்தது. சிவகாசி அச்சகங்களும் சென்னைப் பாரிமுனையில் உள்ள ஆண்டர்சன் தெருக் கடைகளும் அழைப்பிதழுக்குப் பெயர் பெற்றன. ஆனாலும் தட்டில் வெற்றிலை பாக்கோடு அட்டையை வைத்துக் கொடுக்கும் பழக்கம் மறையவில்லை.

பணப் புழக்கத்தையே நோக்கமாகக் கொண்ட அழைப்பிதழுக்கு மொய் விருந்து எடுத்துக்காட்டு. புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும் தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி பகுதியிலும் ஆடி, ஆவணி மாதங்களில் இவ்விருந்துகள் நடக்கின்றன. செலவைக் குறைக்கப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைத்து, ஒரே அழைப்பிதழில் தங்கள் பெயர்களை அச்சிடுகின்றனர். அதில் அலங்காரச் சொற்களுக்கு வேலை இல்லை. பெயரும் நாளும் இடமும் பிழையின்றி இருந்தால் போதும். தாம் செய்ய வேண்டிய மொய் எவ்வளவு என்பதை வருபவரின் மொய் நோட்டு சொல்லிவிடும். அழைப்பு ஒரு வீட்டுக்குப் போய்ச் சேராவிட்டால், திரும்பி வர வேண்டிய பணமும் தவறிப் போகலாம்.

ஓரி விழாவின் நாள்

கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆகிய நாள்களில் வல்வில் ஓரி விழா அரசு விழாவாக நடைபெறுகிறது. மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, பல துறைகளின் கண்காட்சி அரங்குகள் ஆகியவை இதில் இடம்பெறும். நாளைத் தேர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. ஆடிப்பெருக்கன்று அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் மக்கள் தாமாகவே மலையேறி வருவர். ஏற்கெனவே கூட்டம் கூடும் நாளில் விழா அமைவதால், பாதி அழைப்பை நாட்காட்டியே செய்துவிடுகிறது. சந்தைக்கும் இதுவே பொருந்தும். சந்தை நாள் மாறாமல் இருப்பதால் வாரந்தோறும் யாரும் பத்திரிகை வைக்க வேண்டியதில்லை.

இன்றைய வணிக அழைப்பிதழுக்கு

இன்று அழைப்பிதழ் பெரும்பாலும் கைபேசியில் படமாக வருகிறது. அனுப்புவது எளிதாகிவிட்டது, படிக்காமல் தள்ளிவிடுவதும் அதே அளவு எளிது. பல அழைப்பிதழ்களில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று பெயர்களே பக்கத்தை நிறைத்துவிடுகின்றன. என்ன பொருள், எப்படி வருவது என்பவை கடைசி வரியில் சிறிய எழுத்தில் ஒதுங்குகின்றன.

கொல்லிமலையில் மிளகு அல்லது பலா வணிகர் கூட்டத்துக்கு அழைக்கும் உழவர் குழு, பழைய முறைகளிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம். அறுவடையை ஒட்டிய நாளைக் குறிக்க வேண்டும். என்ன பொருள், ஏறத்தாழ எவ்வளவு கிடைக்கும் என்பதை முதலில் சொல்ல வேண்டும். காரவள்ளி வழியா, முள்ளுக்குறிச்சி வழியா, சரக்கு வண்டி எதில் ஏறும், இருட்டுவதற்குள் இறங்க எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பவற்றை மலைபடுகடாம் போல மறைக்காமல் எழுத வேண்டும். முன்பே வந்து வாங்கிய வணிகர் ஒருவர் தம் நண்பர்களுக்குச் சொன்னால், அது இக்காலத்து ஆற்றுப்படை. முக்கியமானவர்களையாவது நேரில் அல்லது தொலைபேசியில் பெயர் சொல்லி அழைப்பது வெற்றிலை பாக்குக்கு ஈடாகும். விருந்தினர் பெயர்ப் பட்டியலை இவற்றுக்கெல்லாம் பிறகு போட்டுக்கொள்ளலாம்.