இருபத்தாறாம் மைல்கல்

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கடலிலே ஐல் ஆஃப் மேன் என்றொரு சிறிய தீவு இருக்கிறது. அதன் தலைநகரான டக்ளஸிலிருந்து புறப்பட்டு, கிராமத்துக் கல்சுவர்களையும் வீட்டு வாசல்களையும் உரசினாற்போல ஓடி, ராம்ஸி என்னும் கடற்கரை ஊரில் திரும்பி மேட்டில் ஏறி, ஸ்நேஃபெல் மலையின் தோளைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் டக்ளஸுக்கே இறங்கிவரும் சாலையின் நீளம் ஏறக்குறைய 60.7 கிலோமீட்டர். ஆண்டின் பெரும்பகுதியில் பால் வண்டியும் பள்ளிக்கூட பஸ்ஸும் போய்வருகிற இந்தச் சாதாரணச் சாலை, மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூன் முதல் வாரம் முடியும்வரை, குறிப்பிட்ட சில மணி நேரங்களுக்கு ஊராரின் போக்குவரத்தெல்லாம் நிறுத்தப்பட்டு, டி.டி. என்று உலகம் அறிந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் களமாக மாறிவிடுகிறது. அந்தச் சாலையில், ராம்ஸியைக் கடந்து மலைமேல் ஏறியபின், இருபத்தாறாவது மைலைக் குறிக்கும் இடத்துக்கு 2003-ஆம் ஆண்டில் ஒரு புதுப் பெயர் சூட்டினார்கள். ‘ஜோயீஸ்’ என்பது அந்தப் பெயர். ஜோயியினுடையது என்று பொருள். அங்கே ஜோயி டன்லப் விழுந்ததும் இல்லை, இறந்ததும் இல்லை. அந்தத் தீவில் அவர் வென்ற பந்தயங்கள் 26 என்ற ஒரே காரணத்துக்காக அந்த மைல் அவருக்கு உரியதாயிற்று.

ஊர்ச்சாலையிலே பந்தயம் விடுகிற இந்த வழக்கம் எப்படித் தோன்றியது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் மோட்டார் வாகனங்கள் மணிக்கு 20 மைலுக்குமேல் போகக்கூடாது என்பது சட்டம். பந்தயத்துக்காகப் பொதுச் சாலையை மூடுவதற்கும் அங்கே இடமில்லை. ஐல் ஆஃப் மேனுக்கோ டின்வால்ட் என்னும் சொந்தச் சட்டசபை இருந்தது. அந்தச் சபை 1904-இல் சாலையை அடைத்துப் பந்தயம் நடத்த அனுமதி அளித்துச் சட்டம் இயற்றவே, முதலில் கார்களும், 1907-இல் டி.டி. என்ற பெயருடன் மோட்டார் சைக்கிள்களும் அங்கே வந்துசேர்ந்தன. 1911 முதல் பந்தயம் மலைப்பாதைக்கு ஏறியது. வட அயர்லாந்திலும் அரசாங்கம் அமைந்த சூட்டோடு சூடாக, 1922-இல், இதேபோன்ற சட்டம் ஒன்று பிறந்தது. அல்ஸ்டர் கிராண்ட் பிரீயும் அதே ஆண்டில்தான் ஆரம்பமாயிற்று. ஆகவே, மதில் எழுப்பி டிக்கெட் கொடுத்து உள்ளே விடும் மைதான விளையாட்டாக இல்லாமல், உழவன் தன் வயல் வேலியின் மேல் உட்கார்ந்தபடியே, கையெட்டும் தூரத்தில் வீரன் பறந்துபோவதைப் பார்க்கிற விளையாட்டாக இது வளர்ந்தது. பார்க்கிறவனுக்கும் பறக்கிறவனுக்கும் நடுவே இடைவெளி இல்லை என்ற இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளாதவர்களுக்கு, அம்மக்கள் தங்கள் வீரர்களிடம் வைத்திருக்கும் அபிமானத்தின் தன்மை விளங்காது.

அவ்வபிமானத்தின் சரித்திரம் அந்தச் சாலையின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1923-இல் வால்டர் பிராண்டிஷ் என்பவர் விழுந்து கால் முறிந்த வளைவு இன்றும் பிராண்டிஷ் என்றே வழங்குகிறது. 1927-இல், சாலையை மூடாமலே பயிற்சி நடந்துவந்த காலத்தில், கிர்க் மைக்கேல் கிராமத்தருகே எதிரே வந்த மீன் வண்டியால் ஆர்ச்சி பர்கின் உயிரிழந்தார். அந்த இடம் பர்கின் வளைவு ஆயிற்று, மறுவருஷத்திலிருந்து பயிற்சிக்கும் சாலையை மூடும் வழக்கம் வந்தது. 1937-இல் ஜிம்மி குத்ரி என்ற ஸ்காட்லாந்து வீரர் ஜெர்மனியில் பந்தயம் ஒன்றில் இறந்தபின், அவருடைய கடைசி டி.டி. பந்தயத்தில் வண்டி பழுதாகி அவர் நின்றுபோன அந்த மலைத் திருப்பத்திலேயே அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். வென்ற இடத்தை விட்டுவிட்டு நின்ற இடத்தைத் தேர்ந்தெடுத்த அந்த மனப்பான்மையை நான் மிகவும் மதிக்கிறேன். போரிலே வீழ்ந்த மறவனுக்கு அவன் பெயரும் பீடும் பொறித்து வழியோரத்தில் நடுகல் நாட்டிய நம் முன்னோர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றியிராது. குத்ரியின் கல்லுக்குச் சற்று முன்னால் வருவதுதான் ஜோயியின் மைல்.

வில்லியம் ஜோசப் டன்லப் 1952 பிப்ரவரி 25-ஆம் தேதி, வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில், பாலிமனி என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். 1969-இல் பழைய டிரையம்ஃப் வண்டி ஒன்றில் பந்தயத்துக்கு வந்த அவரும், தம்பி ஜிம்மும், மைத்துனர் மெர்வின் ராபின்ஸனும், நண்பர் ஃபிராங்க் கென்னடியும் சேர்ந்த கூட்டத்துக்குப் பக்கத்து ஊரின் பெயரால் ‘அர்மாய் ஆர்மாடா’ என்று பெயர் வந்தது. ஆர்மாடா என்றால் போர்க்கப்பல் படை. 1979-இல் நார்த் வெஸ்ட் 200 என்னும் வட அயர்லாந்துச் சாலைப் பந்தயத்தில் கென்னடி விபத்துக்குள்ளாகி அதன் விளைவாக மரித்தார். மறு ஆண்டே அதே பந்தயத்தில் ராபின்ஸனும் போனார். இரண்டு சாவுகளுக்குப் பின்னும் ஜோயி விலகவில்லை. அந்த 1980-ஆம் வருஷத்திலேயே, தொழிற்சாலை உதவியில்லாத யமஹா வண்டியில், தொழிற்சாலைகளின் பலம் பெற்ற பெரிய வீரர்களை முந்தி கிளாசிக் டி.டி. பந்தயத்தை அவர் வென்றபோது, ஹோண்டா நிறுவனத்தின் கண் அவர்மேல் விழுந்தது. 1982 முதல் 1986 வரை தொடர்ந்து ஐந்து வருஷங்கள் ஃபார்முலா ஒன் டி.டி. பிரிவின் உலகப் பட்டம் அவருடையதாக இருந்தது.

1985-ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்று ரசிகர்களின் நினைவில் இன்னும் பசுமையாக இருக்கிறது. டி.டி.க்குப் போவதற்காக அவரும் சக வீரர்களும் வண்டிகளை ஏற்றிக்கொண்டு சென்ற டோர்னமோனா என்ற மீன்பிடி படகு, ஸ்ட்ராங்ஃபோர்ட் கடற்கழியில் மூழ்கிவிட்டது. தண்ணீரிலிருந்து மீட்கப்பட்ட ஜோயி தீவுக்குப் போய், அந்த ஆண்டு ஒரே வாரத்தில் மூன்று பந்தயங்களை வென்றார். 1989-இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் மைதானத்தில் பலத்த காயமடைந்து, எழுந்து நடமாடவே சந்தேகம் என்ற நிலையிலிருந்து தேறியபின், 1992-இல் மைக் ஹேல்வுட் என்ற வீரரின் 14 டி.டி. வெற்றிகளைச் சமன்செய்தார். 1993-இல் அதைத் தாண்டினார். இரண்டாயிரமாவது ஆண்டில், 48-ஆம் வயதில், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 12 ஆண்டுகளாக வென்றிராத மனிதர், அதையும் சிறு வண்டிப் பந்தயங்கள் இரண்டையும் அதே வாரத்தில் கைப்பற்றி 26 என்ற எண்ணை நிறைவு செய்தார். அவ்வாரத்தின் கடைசிப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தபோதும், மணிக்கு 123.87 மைல் சராசரி வேகத்தில் தம் வாழ்நாளின் மிக வேகமான சுற்றை அவர் ஓட்டினார் என்பது, வயதைப் பற்றி நாம் கொண்டிருக்கும் அபிப்பிராயங்களை எல்லாம் மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

ஆனால் ரசிகர்கள் அவரைப் பேசும்போது எண்களிலிருந்து ஆரம்பிப்பதில்லை. தலைகலைந்து, எண்ணெய்க் கறை படிந்த கையோடு, தாமே என்ஜினைப் பிரித்துப் பூட்டிக்கொண்டு, பத்திரிகைக்காரர்களைக் கண்டால் நாணி ஒதுங்குகிற மனிதராகத்தான் அவரை நினைக்கிறார்கள். கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் ஹெல்மெட் வேலியைக் கடந்தால் போதும், ‘யெர் மான்’ என்பார்கள். நம் ஊரில் பெயரைச் சொல்லாமல் ‘நம்ம ஆள்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அந்தத் தொனி. பாலிமனியில் அவர் நடத்திவந்த மதுக்கடையில் உலகச் சாம்பியனே கோப்பையை நிரப்பித் தருவார். இவற்றுக்கெல்லாம் மேலாக, பந்தயம் இல்லாத நாட்களில் தம் வேனில் உணவும் துணிமணியும் ஏற்றிக்கொண்டு, எவ்வித விளம்பரமுமின்றி, ருமேனியாவிலும் அல்பேனியாவிலும் போஸ்னியாவிலும் இருந்த அநாதைக் குழந்தைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது அவருடைய தர்மமாக இருந்தது. 1986-இல் பந்தயத்துக்காக எம்.பி.இ. பட்டம் அளித்த பிரிட்டிஷ் அரசு, பத்து வருஷம் கழித்து ஓ.பி.இ. பட்டம் அளித்தது இந்தத் தொண்டுக்காகத்தான்.

2000 ஜூலை 2-ஆம் தேதி, டி.டி. முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், எஸ்டோனியா தேசத்தின் தலைநகரான டாலினில், மரங்கள் அடர்ந்த பாதையில், மழையில் நனைந்த சாலையில் நடந்த 125 சி.சி. பந்தயத்தின்போது அவர் கட்டுப்பாட்டை இழந்து மரத்தில் மோதி உயிர் நீத்தார். சில மணி நேரத்துக்குள் அந்நாட்டு அரசாங்கமே தன் இணையப் பக்கத்தை அவருக்கு அஞ்சலியாக மாற்றியது. ஊரில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஏறக்குறைய 50,000 பேர் வந்தார்கள். வட அயர்லாந்தின் அன்றைய நிலையை அறிந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தின் பொருள் புரியும். கத்தோலிக்கர் தெரு, பிராடஸ்டன்ட் தெரு என்று பிரிந்து முப்பது வருஷம் இரத்தம் சிந்திய பூமியில், சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டே ஆண்டு கழிந்திருந்த சமயத்தில், இரண்டு தெருக்காரர்களும் ஒரே சாலையோரத்தில் தோளோடு தோள் நின்று ஒரு மனிதருக்காக அழுதார்கள். அவர் எந்தப் பக்கத்தையும் பற்றி வாய் திறந்தவர் அல்லர். எல்லாப் பக்கத்து இளைஞர்களும் வந்து உட்காருகிற வேலிகளின் ஓரமாகவே அவருடைய வாழ்நாள் கழிந்தது.

மறுவருஷம் கால்நடைகளுக்குக் கோமாரி கண்டதால் டி.டி. பந்தயமே நடக்கவில்லை, ஜோயி இல்லாத முதல் ஜூன் மாதம் சாலை மூடப்படாமலே கழிந்தது. அதே 2001-இல் பாலிமனியில் அவருக்கு நினைவுத் தோட்டம் திறந்தார்கள். ஐல் ஆஃப் மேனில், மலை ரயிலின் தண்டவாளம் சாலையைக் குறுக்கிடும் பங்களோ என்ற இடத்தில், ஹோண்டாவின் மேல் அமர்ந்தபடி கீழே ஓடும் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. பந்தயத்துக்கு வருகிறவர்கள் மலைக்காற்றில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கே ஏறிப்போகிறார்கள். அவர் ஓடியதைக் கண்ணால் பார்த்திராத வயதுப் பிள்ளைகளைத் தகப்பன்மார் தோளில் தூக்கிக் காட்டுகிறார்கள்.

இந்த ஸ்மரணையில் எனக்குத் தீராத ஒரு வேதனையும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அந்த மலைப்பாதை 250-க்கு மேற்பட்ட வீரர்களைக் காவு கொண்டிருக்கிறது. பாலிமனித் தோட்டத்தில் ஜோயியின் பக்கத்திலேயே அவருடைய இன்னொரு தம்பி ராபர்ட்டுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது; 2008 மே 15-ஆம் தேதி நார்த் வெஸ்ட் 200 பயிற்சியில் அவர் இறந்திருந்தார். இரண்டே நாளில் ராபர்ட்டின் மகன் மைக்கேல் அதே பந்தயத்தில் வண்டியேறி, துக்கம் தொண்டையை அடைக்க, 250 சி.சி. பிரிவை வென்றான். இன்னொரு மகன் வில்லியம் 2018 ஜூலையில் ஸ்கெரீஸ் என்ற ஊரில் பயிற்சியின்போது மறைந்தான். நினைவுக்கல் ஒன்று இறந்தவனுக்குச் செய்யும் மரியாதை என்பது சரி; வேலியோரத்தில் நிற்கும் இளைஞனை அது சாலைக்கு அழைக்கிறதோ என்ற கேள்வி, அந்தக் குடும்பத்தை எண்ணும்போதெல்லாம் என்னை அரிக்கிறது. ஆயினும் அந்தத் தோட்டத்துக்கு வந்து நிற்கும் மக்களின் முகத்தில் நான் குறை காண மாட்டேன். அவர்கள் துக்கத்தை அறியாதவர்கள் அல்லர்.

2024-ஆம் ஆண்டு ஜூனில் மைக்கேல் டன்லப் தன் 26-ஆவது டி.டி. வெற்றியைப் பெற்றுப் பெரியப்பாவின் எண்ணைச் சமன்செய்தார். அந்த வாரம் முடிவதற்குள் மேலும் மூன்று வெற்றிகள் சேர்ந்து 29 ஆயிற்று. எண்ணால் பெயர் பெற்ற மைல்கல்லுக்கு இனி அந்த எண் தனியுரிமை அன்று. ஆனால் பெயரை மாற்றும் பேச்சு எழவில்லை. குத்ரியின் கல்லை நோக்கி மேலேறும் ஒவ்வொரு வீரரும், சாதனையை முறியடித்த மைக்கேல் உட்பட, முகவாயைப் பெட்ரோல் டாங்கில் பதித்துக்கொண்டு, ஒரு கண் இமைப்பில், ஜோயியின் மைலைத் தாண்டிப் போகிறார்கள்.