மருத்துவப் புகழின் நிழலில் அரசறிவியல்

ஒரு பல்கலைக்கழகம் பெறும் புகழ் அதன் வரலாறு முழுவதையும் எடுத்துரைப்பதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பல்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் இதற்குத் தக்க சான்றாகும். அப்பெயரைக் கேட்டதும் மருத்துவமே நினைவுக்கு வருகின்றது. அங்கு அரசறிவியல் பயிலச் செல்பவர் வழிதவறிச் சென்றவராகவே பலருக்குத் தோன்றலாம்.

காலவரிசையை நோக்குமிடத்து நிலைமை வேறாகும். பல்கலைக்கழகம் 1876இல் தொடங்கியது. மருத்துவமனை 1889இலும் மருத்துவக் கல்லூரி 1893இலுமே திறக்கப்பட்டன. அதற்குள் அரசறிவியல் அங்கு வரலாற்றுத்துறையோடு இணைந்து வேரூன்றிவிட்டது. ஹேர்பேட் பக்ஸ்டர் அடம்ஸ் ஜேர்மனியில் தாம் கற்ற கருத்தரங்கு முறையை நிலைநாட்டி, 1882இல் வரலாற்று, அரசறிவியல் ஆய்வுத் தொடரையும் ஆரம்பித்தார். பின்னாளில் சனாதிபதியான வூட்ரோ வில்சன் 1886இல் அங்கேயே கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அடம்ஸ் கருத்தரங்கை ஆய்வுகூடத்துக்கு ஒப்பிட்டார்; உயிரியலின் மொழியையும் கடனாகப் பெற்றார். நியூ இங்கிலாந்து ஊராட்சியின் கரு பண்டைய ஜேர்மானியரிடையே தோன்றியது என்பது அவர் கொள்கை. இனப்பெருமிதம் இங்கு விஞ்ஞானப் போர்வை போர்த்திக்கொண்டது எனலாம். அவருடைய மாணவரான பிரெடெரிக் ஜக்சன் ரேணரே 1893இல் இதற்கு மாறாக, எல்லைப்புற நிலமும் வாழ்க்கையுமே அமெரிக்க நிறுவனங்களை உருவாக்கின என்று வாதிட்டார். எனினும், அந்நிலத்தை இழந்த பூர்வகுடிகளுக்கு அவரும் உரிய இடம் அளித்தாரல்லர்.

அரசறிவியலாளர் ஆராயத் தவறிய அரசியல் அவர்களின் வாயிலிலேயே நடந்தது. புகையிரதக் கம்பனிப் பங்குகளின் வருவாய் தடைப்பட்டமையால் மருத்துவக் கல்லூரி தொடங்கப் பணம் போதவில்லை. மேரி கரெற் முதலான பெண்கள் நிதி திரட்டி முன்வந்தனர். ஆடவருக்குரிய அதே நிபந்தனைகளில் பெண்களும் அனுமதிக்கப்பட வேண்டுமென வற்புறுத்தினர். ஆகவே 1893இல் சேர்ந்த முதல் வகுப்பிலேயே மூன்று பெண்கள் இடம்பெற்றனர். குடியாட்சியின் தோற்றத்தை ஆராய்ந்த கலைத்துறைகளின் பட்டப்பின் படிப்போ 1907இலேயே பெண்களுக்கு முறைப்படி திறக்கப்பட்டது. முற்போக்கான கொள்கையினால் மருத்துவக் கதவு திறந்தது என்று கொள்வதற்கில்லை. அமைப்புற்ற பெண்களின் பொருள்வலிமையே அதனைத் திறந்தது.

மருத்துவத்தின் பக்கத்திலிருந்தும் இவ்வுண்மை உணரப்பட்டது. 1932 முதல் 1947 வரை அங்கு மருத்துவ வரலாற்று நிறுவனத்தை நடத்திய ஹென்றி சிகறிஸ்ற், சிகிச்சை யாருக்குக் கிடைக்கின்றது, அதற்கான செலவை யார் ஏற்பது என்ற வினாக்களை முன்வைத்தார். 1937இல் சோவியத் மருத்துவ அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் அச்சமைப்பை அளவுக்கு மீறிப் போற்றியது என்பது உண்மையே. ஆயினும் அவர் எழுப்பிய வினாக்கள் வலுவிழக்கவில்லை.

எனவே, மருத்துவத்தாற் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் கற்பவர் தம் துறையின் தொன்மையைக் கூறிப் பெருமைகொள்வது போதாது. அருகிலுள்ள மருத்துவமனையின் வாயிலில் யார் நுழைகின்றனர், யார் வெளியே நிற்கின்றனர் என்பதை ஆராய்வதும் அவருடைய பாடமேயாகும்.