பாசியில் இருப்பதெல்லாம் பாசி தின்னுமா?

நடைபாதைக் கல்லிடுக்கிலும் பழைய சுவரிலும் பச்சை மெத்தை போலப் படர்ந்திருக்கும் பாசியைப் பார்த்திருப்பீர்கள். குளத்தில் மிதப்பதையும் தமிழில் பாசி என்போம். இங்கே சொல்வது அதை அல்ல, நீங்கள் பள்ளியில் மாஸ் என்று படிக்கும் செடியை.

அந்த மெத்தைக்குள் சிற்றுண்ணிகள் வாழ்கின்றன. எட்டுக் கால்கள் உண்டு, சிலந்திக்கு உறவு. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரை விடச் சிறியவை. அவை அங்கே என்ன சாப்பிடுகின்றன? கேட்கச் சுலபமான கேள்விதான். ஆனால் பதில் கிடைக்க நெடுங்காலம் ஆனது.

1665இல் லண்டனில் ராபர்ட் ஹூக் 'மைக்ரோகிராஃபியா' என்ற நூலை வெளியிட்டார். நுண்ணோக்கியில் தான் கண்ட பாசியைப் பற்றியும் எழுதினார், சிற்றுண்ணிகளைப் பற்றியும் எழுதினார். ஆனால் இரண்டும் தனித்தனி அத்தியாயங்கள்.

1884இலும் 1888இலும் ஆல்பர்ட் மைக்கேல், பிரிட்டனின் ஒரிபாட்டிட் சிற்றுண்ணிகளைப் பற்றி இரண்டு தொகுதிகள் எழுதினார். இந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'மாஸ் மைட்' என்றே பெயர் உண்டு. பெயரைக் கேட்டால் பாசிதான் இவற்றின் உணவு என்று தோன்றும். உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை பூஞ்சையையும் மக்கிய இலைகளையும் உண்பவை. வசிக்கும் இடத்தை வைத்துப் பெயர் வந்துவிட்டது.

1905இல் இத்தாலியரான அந்தோனியோ பெர்லேசே ஒரு புனல் கருவியை அறிமுகப்படுத்தினார். பாசியைப் புனலில் போட்டுச் சூடாக்கினால், உலர்வதற்குப் பயந்து உயிரினங்கள் கீழே இறங்கிக் குப்பிக்குள் விழும். பிறகு சுவீடனின் ஆல்பர்ட் துல்கிரென் அதில் மின்விளக்கைப் பயன்படுத்தினார். ஒரு கைப்பிடிப் பாசியில் எத்தனை வகை உயிர்கள் என்று எண்ண முடிந்தது. பட்டியல்கள் நீண்டன. ஆனால் அந்தப் புனல் யார் குடியிருக்கிறார்கள் என்று மட்டுமே சொல்லும். யார் எதைத் தின்கிறார்கள் என்று சொல்லாது.

அதற்கு உட்கார்ந்து கவனிக்க வேண்டும். இஸ்ரேலிய ஆய்வாளர் உரி கெர்சன் அப்படிக் கவனித்தவர். 1972இல், கனடாவின் பாசிகளில் வாழும் ஒரு பேரினத்தைப் பற்றி எழுதினார். இன்று அதன் பெயர் யூஸ்டிக்மேயஸ். இவற்றின் வாயில் ஊசி போன்ற உறுப்பு உண்டு. அதைப் பாசியின் செல்லுக்குள் குத்திச் சாற்றை உறிஞ்சும். 1985இல் பிரேசிலிலிருந்தும் இதே பேரினத்தைச் சேர்ந்த, பாசி உண்ணும் ஒரு புதிய இனம் விவரிக்கப்பட்டது.

அப்படியானால் யூஸ்டிக்மேயஸ் எல்லாமே பாசி உண்பவையா? இல்லை. அதே பேரினத்தில் சில இனங்கள் மணல் ஈக்களின் உடலில் ஒட்டுண்ணியாக வாழ்கின்றன. நெருங்கிய உறவினர் என்பதாலும் உணவை ஊகிக்க முடியாது.

2006இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு திருப்பத்தைக் காட்டினார்கள். பாசியில் ஆண் செல்கள் நீரில் நீந்தித்தான் பெண் செடியை அடைய வேண்டும். அவர்கள் சில்வர் மாஸின் ஆண், பெண் திட்டுகளைச் சில சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தார்கள். விலங்குகள் இல்லாதபோது, ஒட்டி வைத்த திட்டுகளில் மட்டுமே கருவுறுதல் நடந்தது. சிற்றுண்ணிகளையோ, ஸ்பிரிங்டெயில் என்ற சிறு உயிர்களையோ விட்டபோது, தள்ளி வைத்த திட்டுகளிலும் நடந்தது. பூவுக்குத் தேனீ செய்வதைப் போன்ற ஒரு வேலை!

ஆகவே, 'இந்தச் சிற்றுண்ணியின் உணவுச் செடி இந்தப் பாசி' என்று எங்காவது படித்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: அது தின்பதை யாராவது பார்த்தார்களா, அல்லது அங்கே இருந்ததை மட்டும் பார்த்தார்களா? தங்க வந்ததாக இருக்கலாம், பூஞ்சை தேடி வந்ததாக இருக்கலாம், தெரியாமலே பாசிக்கு உதவுவதாகவும் இருக்கலாம்.

சில்வர் மாஸ் எல்லாக் கண்டங்களிலும் வளர்கிறது. டொரன்டோவோ, லண்டனோ, சிட்னியோ, உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். ஒரு சிறு துண்டை எடுத்து ஈரமான கிண்ணத்தில் வைத்து, கைக்கண்ணாடி லென்ஸால் பாருங்கள். ஏதாவது நகர்ந்தால், அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்று தேதியோடு குறித்து வையுங்கள்.